முதல் நிட் கவுன்: கொழும்பில் துணி வாங்குவதிலிருந்து கீழ்மடிப்பு வரை

தலைவழியாகப் போட்டுக்கொள்ளும், சிப்பும் பொத்தானும் இல்லாத, முழங்காலுக்குச் சற்றுக் கீழே வந்து நிற்கும் நிட் கவுன் (ரீசேர்ட் போல இழுபடும் பின்னல் துணியில் தைத்த கவுன்) ஒன்றைத் தையல் பழகத் தொடங்கிய எவரும் தைத்துவிடலாம். துணி இழுபடுவதால் மார்புக்கும் இடுப்புக்கும் டாட் (உடல் வளைவுக்காகத் தைக்கும் கூர்மடிப்பு) பிடிக்கத் தேவையில்லை. அரைச் சென்ரிமீற்றர் கூடக்குறைய வெட்டினாலும் உடலில் தெரியாது. இருந்தும் பலர் முதல் கவுனோடு கைவிட்டுவிடுகிறார்கள். இதற்குத் தையல் வராதது காரணமல்ல. பட்டர்ன், அதாவது துணியை வெட்ட உதவும் தாள் மாதிரி, கேட்ட துணி ஒன்று, வாங்கி வந்த துணி வேறொன்று. மெசினில் கிடந்த ஊசியோ இரண்டுக்கும் பொருந்தாதது. இணையத்தில் கிடைக்கும் விளக்கங்கள் வெளிநாட்டுக் கடைகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு கொழும்பு புறக்கோட்டைக் கடைத்தெருவில் நின்றால் எதை எப்படிக் கேட்பது என்றே புரியாது. ஆகவே மெசினுக்கு முன் உட்காரும் வரையான வேலைகளைத்தான் இங்கே அதிகம் எழுதியிருக்கிறேன்.

ரூபாய்க் கணக்குத் தரவில்லை. இன்று எழுதும் விலை அடுத்த பண்டிகைக்குள் மாறிவிடும். எந்தச் செலவு ஒருமுறையோடு முடிவது, எது ஒவ்வொரு கவுனுக்கும் திரும்ப வருவது, எது தேவையே இல்லாதது என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

1. பட்டர்னைத் தெரிவு செய்யுங்கள்

"ஆரம்ப நிலையினருக்கு" என்ற வரியை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள். துண்டுகளை எண்ணிப் பாருங்கள். முன்பக்கம், பின்பக்கம், கை, கழுத்துப் பட்டி என்று நான்கு துண்டுகளுக்குள் முடிவதே முதல் முயற்சிக்கு ஏற்றது. இடுப்பில் வெட்டி இணைக்கும் கவுன் அழகானதுதான். ஆனால் பாவாடைப் பகுதியின் பாரம் அந்தத் தையலைக் கீழே இழுக்கும் என்பதால் அதை இரண்டாவது முறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

பணம் கட்டுவதற்கு முன்பே நான்கு விவரங்கள் உங்கள் கண்ணில் படவேண்டும்: உடல் அளவு அட்டவணை, தைத்து முடிந்த ஆடையின் அளவு அட்டவணை, எத்தனை வீதம் இழுபடும் துணி வேண்டும் என்ற குறிப்பு, துணியின் அகலத்தோடு சேர்த்துச் சொல்லப்பட்ட நீளம். இவற்றில் இரண்டாவதை வெளியிடாத பட்டர்னை நான் வாங்குவதில்லை. தையலுக்கான ஓரம் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். புர்டா சஞ்சிகையோடு வரும் பட்டர்ன்களில் பொதுவாக அந்த ஓரம் இருக்காது; நீங்களே சேர்த்து வெட்டவேண்டும். இது தெரியாமல் கோட்டின் மேலேயே வெட்டினால் முழுக் கவுனும் இறுகிவிடும்.

வெளிநாட்டுத் தளமாயின் விலை டொலரிலோ பவுணிலோ யூரோவிலோ இருக்கும். உங்கள் வங்கி அட்டையில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்று முதலில் வங்கியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கோப்பு கிடைத்த உடனேயே பட்டர்ன், வழிமுறைத் தாள், பற்றுச்சீட்டு மூன்றையும் உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். சில தளங்களில் பதிவிறக்கும் இணைப்பு குறிப்பிட்ட காலத்துக்கு மேல் வேலை செய்யாது. இலவச பட்டர்ன்களிலும் நல்லவை உண்டு. ஆனால் அவற்றில் வழிமுறை பெரும்பாலும் சுருக்கமாக இருக்கும் என்பதால், முதல் கவுனுக்குப் படங்களோடு விளக்கம் தரும் ஒன்றுக்குப் பணம் கொடுப்பது வீண் செலவல்ல.

2. உங்கள் அளவைக் கண்டுபிடியுங்கள்

கடையில் ரெடிமேட் உடுப்பு வாங்கும் எண்ணை மறந்துவிடுங்கள். சிம்ப்ளிசிட்டி, மெக்கோல்ஸ் போன்ற பழைய அமெரிக்க நிறுவனங்களின் தாள் பட்டர்னில் 14 என்பது மார்பு 36 அங்குலம், அதாவது ஏறத்தாழ 92 செ.மீ. அதே உடலுக்கு ரெடிமேட் கடை தரும் எண் அதைவிடச் சிறியதாகவே இருக்கும். அளவு நாடாவால் மார்பு, இடுப்பு, பின்தட்டு மூன்றையும் அளந்து, அட்டவணையில் மூன்றும் வெவ்வேறு எண்களில் விழுந்தால் பயப்படாமல் ஒரு கோட்டிலிருந்து மறு கோட்டுக்கு மெதுவாக வளைத்து வரையுங்கள். பெரும்பாலானோருக்கு இப்படித்தான் விழும்.

முடிந்த ஆடையின் மார்பளவு உங்கள் அளவைவிடக் குறைவாக இருந்தால் அது அச்சுப்பிழையல்ல. 92 செ.மீ. உடலுக்கு 88 செ.மீ. ஆடை என்பது, துணி 4 செ.மீ. இழுபட்டு உடலோடு ஒட்டி நிற்கவேண்டும் என்ற திட்டம். உடலைக் கவ்வாமல் நேராக விழவேண்டும் என்று விரும்பினால், ஒரு எண் கூட்டி வெட்டாமல், நேராக விழும்படி வரையப்பட்ட வேறு பட்டர்னைத் தேடுங்கள். எண்ணைக் கூட்டினால் தோளும் கழுத்தும் சேர்ந்து அகன்று, கவுன் தோளில் நிற்காது.

உயரம் இன்னொரு பொறி. அந்த அமெரிக்க நிறுவனங்கள் 5 அடி 5 அல்லது 6 அங்குல உயரத்தை வைத்து வரைகின்றன. 5 அடி 1 அங்குலம் உள்ள ஒருவர் கீழ்விளிம்பில் மட்டும் வெட்டிக் குறைத்தால் இடுப்பு வளைவு பின்தட்டின் மேல் வந்து உட்காரும். தாளில் "குறைக்க அல்லது கூட்ட" என்று இரட்டைக் கோடு போட்டிருக்கும் இடத்தில், மார்புக்கும் இடுப்புக்கும் நடுவில் ஒரு பகுதியையும் பின்தட்டுக்குக் கீழே மீதியையும் மடித்து ஒட்டுங்கள். முன், பின் இரண்டு துண்டுகளிலும் ஒரே அளவாக மடிக்கவேண்டும்.

3. அச்சிடுங்கள்

போட்டோக்கொப்பிக் கடைக்குக் கோப்பை வட்ஸ்அப்பில் அனுப்பினால், கடைத் தம்பி கைபோன போக்கில் "பக்கத்துக்குப் பொருந்துமாறு" என்ற தெரிவில் அச்சிட்டுத் தருவார். முழுப் பட்டர்னும் சில வீதம் சுருங்கிவிடும். பார்த்தால் தெரியாது, தைத்த பிறகுதான் தெரியும். "100 வீதம், அசல் அளவு" என்று சொல்லி, சோதனைச் சதுரம் இருக்கும் ஒரு பக்கத்தை மட்டும் முதலில் எடுக்கச் சொல்லுங்கள். கடையிலேயே அடிமட்டத்தை வைத்து அளந்து, 5 செ.மீ. சதுரம் 5 செ.மீ. இருந்தால் மட்டும் மீதிப் பக்கங்களுக்குச் சரி சொல்லுங்கள். பையில் ஒரு சிறு அடிமட்டம் இருக்கட்டும்.

ஏ4 தாளில் ஒரு கவுன் 25 முதல் 40 பக்கம் வரை வரும். ஓரம் வெட்டி ஒட்டுவதற்கு ஒரு மாலைப்பொழுது போய்விடும். வீட்டு வரைபடங்கள் அச்சிடும் கடைகளில் ஏ0 தாளில், அதாவது 84.1க்கு 118.9 செ.மீ. அளவில், எடுத்தால் ஒட்டும் வேலை இல்லை. கறுப்பு வெள்ளைக் கோட்டு வரைபடம் என்று சொல்லியே விலை கேளுங்கள், இல்லாவிட்டால் வர்ண அச்சுக் கட்டணம் சொல்லக்கூடும். கோப்பில் அளவுகள் தனித்தனி அடுக்குகளாக இருந்தால், வீட்டிலேயே உங்கள் அளவை மட்டும் விட்டு மற்றவற்றை அணைத்துச் சேமித்துக்கொண்டு போவது கண்ணுக்கும் நல்லது.

4. துணி வாங்குங்கள்

பணத்தில் பெரும்பகுதி இங்கேதான் போகும். கவுன் நேர்த்தியாக இருக்குமா, வீட்டு உடுப்புப் போல இருக்குமா என்பதும் இங்கேதான் முடிவாகிறது.

எங்கே: புறக்கோட்டையில் கெய்சர் வீதியும் 2ஆம், 3ஆம் குறுக்குத் தெருக்களும் துணிக்கு உரியவை, சம்மாங்கோட்டார் பள்ளிவாசலை அடையாளமாக வைத்துக்கொண்டால் வழி தவறாது. மகரகமைக்கு அருகில் உள்ள பமுனுவவில் துணியோடு தையல் சிறுசாமான்களும் ஒரே இடத்தில் கிடைக்கும்; புறக்கோட்டையிலிருந்து 138ஆம் இலக்க பஸ் மகரகமைக்குப் போகிறது. வெள்ளவத்தை காலி வீதிக் கடைகள் சேலைக்கும் சுடிதார் துணிக்கும் பெயர்பெற்றவை. நிட் தேடி முதலில் அங்கே போவதில் நேரம்தான் போகும். போயா நாளில் போகாதீர்கள். ஞாயிறன்று புறக்கோட்டையின் மொத்த விற்பனைக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை நேரத்தில் பல கடைகள் அடைக்கப்படும். சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி, நத்தாருக்கு முந்திய வாரங்களில் துணியை விரித்துப் பார்க்க இடமும் இருக்காது, விற்பவருக்குப் பொறுமையும் இருக்காது. சாதாரண வாரநாளில் காலை நேரமே உகந்தது.

எப்படிக் கேட்பது: "நிட்" என்றால் சில இடங்களில் விளங்கும், சில இடங்களில் விளங்காது. "இழுபடுகிற ரீசேர்ட் துணி", "லைக்ரா கலந்தது" என்றால் எடுத்துக் காட்டுவார்கள். பிறகு வகையை நீங்களே பிரித்தறிய வேண்டும். சிங்கிள் ஜேர்சி மெல்லியது, உடலில் அழகாக விழும். ஆனால் வெட்டிய ஓரம் சுருண்டு தொல்லை தரும். இன்டர்லொக் இரு பக்கமும் ஒரே மாதிரி வழவழப்பாக இருக்கும், ஓரம் சுருளாது. பொன்டே தடித்தது, தையலை ஒளிக்கும், உடலின் மேடுபள்ளங்களையும் ஒளிக்கும். குளிரூட்டிய அலுவலகத்துக்கு அதைவிட நேர்த்தியான துணி இல்லை, ஆனால் முழுப் பொலியெஸ்டர் பொன்டேயை அணிந்து மத்தியான வெயிலில் காலி வீதி பஸ்ஸில் நிற்பதை நினைத்துப் பார்த்து வாங்குங்கள். முதல் கவுனுக்கு நான் சொல்வது விஸ்கோஸ் கலந்த பொன்டே, அது கிடைக்காவிட்டால் இன்டர்லொக். ஒற்றை நிறம், கடுநீலம் அல்லது மெரூன் போன்ற அடர் நிறம். கோடு போட்ட துணி வேண்டாம். பக்கத் தையலில் கோடுகளைப் பொருத்துவதே தனி வேலையாகிவிடும்.

இழுவையை அளந்து பாருங்கள். துணியைக் குறுக்காக மடித்து, மடிப்பில் 10 செ.மீ. பிடித்து, அளவு நாடாவின் மேல் சிரமமின்றி இழுங்கள். 15 செ.மீ. வரை வந்தால் 50 வீதம், 12.5 வந்தால் 25 வீதம். பட்டர்ன் 50 கேட்கும்போது 25 வீதத் துணி எவ்வளவு அழகாக இருந்தாலும் தலை நுழையாது. அடுத்து கையை விடுங்கள். துணி மீண்டும் 10 செ.மீட்டருக்கு வந்து நிற்கவேண்டும். 11இல் சோம்பி நின்றால், ஒரு நாள் உட்கார்ந்து எழுந்த கவுனில் பின்பக்கம் பை போலத் தொங்கும். அச்சுப் பூப்போட்ட துணியாயின் இழுக்கும்போதே பூவுக்குள் வெள்ளை வெடிப்புத் தெரிகிறதா என்று பாருங்கள். மேலே மட்டும் சாயம் ஏறிய துணியை உடலில் போட்டால் மார்பிலும் பின்தட்டிலும் அதே வெளிறல் தெரியும்.

ஆடைத் தொழிற்சாலைகளில் மிஞ்சிய துணி நல்ல தரத்தில் மலிவாகக் கிடைப்பது கொழும்பில் உள்ளவர்களுக்கு ஒரு வசதி. ஆனால் அது ஏன் மிஞ்சியது என்று கேட்டுக்கொள்ளவேண்டும். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து முழு நீளத்தையும் விரித்து, நெடுக ஓடும் இழை விட்ட கோடு, ஊசிமுனைத் துளை, சாயத் திட்டு மூன்றையும் தேடுங்கள். நடு மடிப்பில் வெளிறிய கோடு இருந்தால் அது துவைத்தாலும் போகாது. வெட்டிய துணியை எந்தக் கடையும் திருப்பி எடுக்காது; பில் இருந்தாலும் பயனில்லை.

எவ்வளவு: பட்டர்ன் மீற்றரில் சொல்லும், கடை யாரில் அளக்கும், சில இடங்களில் கிலோவில் நிறுப்பார்கள். 1 யார் 91.44 செ.மீ. மட்டுமே, 2 மீற்றர் வேண்டுமென்றால் 2 யார் போதாது, இரண்டேகால் யார் வாங்கவேண்டும். நிறுத்து விற்கும் இடத்தில் துணியின் அடர்த்தியைக் கேளுங்கள். சதுர மீற்றருக்கு 200 கிராம் துணி, அகலம் 1.5 மீற்றர் என்றால் ஒரு மீற்றர் நீளம் 300 கிராம். ஒரு கிலோவில் மூன்று மீற்றருக்கு மேல் வரும். 300 கிராம் பொன்டே என்றால் அதே நீளம் 450 கிராம்; இரண்டு மீற்றரே ஏறக்குறைய ஒரு கிலோ. யாரில் அளக்கும் கடையோடு விலையை ஒப்பிடுமுன் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள். சுருக்கத்துக்காகக் கால் யார் கூடுதலாக வாங்குவது நல்லது.

5. ஊசி, நூல், சிறுசாமான்

சாதாரண ஊசியின் கூர்முனை நிட் துணியின் இழையைக் குத்தி அறுக்கும், தையல் தாண்டும். உருண்டை முனையுள்ள, "ஜேர்சி" அல்லது "ஸ்ரெச்" என்று எழுதிய ஊசி வேண்டும். 75/11 அல்லது 80/12 அளவு போதும். இங்கே ஒரு பொறி உண்டு. புறக்கோட்டைக் கடைகளில் தொழிற்சாலை மெசின் ஊசிகளே அதிகம். அவற்றின் தண்டு முழு உருண்டை. பைக்கற்றில் டிபிஎக்ஸ்1 (DBx1) என்று இருக்கும். வீட்டு மெசினுக்கு ஒரு பக்கம் தட்டையான தண்டுள்ள எச்ஏஎக்ஸ்1 (HAx1) ஊசியே பொருந்தும். பழைய ஊசியைக் கழற்றிக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

நூல் பொலியெஸ்டராக இருக்கட்டும். பருத்தி நூல் இழுபடும்போது அறும். தோளுக்கு அரை அங்குலத்துக்கும் குறைந்த பருத்தி நாடா, கீழ்விளிம்புக்கு மெல்லிய இழுபடும் ஒட்டுத் துணி, நான்கு மில்லிமீற்றர் இரட்டை ஊசி ஒன்று. ஊசிகளும் நூலும் பல கவுன்களுக்கு வரும், ஆகவே அவற்றில் மிச்சம் பிடிக்கவேண்டாம். ஓவர்லொக் (வெட்டிய ஓரத்தைச் சுற்றிப் போடும் தையல்) அடிக்கத் தையல் கடைக்குக் கொடுக்கும் காசை மிச்சம் பிடியுங்கள்: நிட் துணி ஓரம் பிரிந்து நூல் உதிராது, ஓவர்லொக் இல்லாமலே நிற்கும்.

6. துவைத்து, வெட்டுங்கள்

பின்னாளில் எப்படித் துவைப்பீர்களோ அப்படியே இப்போது துவைத்துக் காயவையுங்கள். பருத்தியும் விஸ்கோஸும் நெடுக்கில் சுருங்கும். மழைக்காலத்தில் தடித்த துணி காய இரண்டு நாள் எடுக்கும். அதையும் கணக்கில் சேருங்கள்.

வெட்டும்போது துணி முழுவதும் மேசையிலோ நிலத்திலோ கிடக்கவேண்டும். மேசையிலிருந்து ஒரு முனை தொங்கினாலும் அதன் பாரம் மீதியை இழுத்து நீட்டிவிடும். அதிகம் இழுபடும் திசை உடலைச் சுற்றி வரவேண்டும், மேலிருந்து கீழாக அல்ல. சிங்கிள் ஜேர்சியில் நல்ல பக்கம் தெரியாவிட்டால், குறுக்காக வெட்டிய ஓரத்தை இழுங்கள். அது சுருளும் பக்கமே நல்ல பக்கம். குண்டூசிகளை ஓரத்துக்குள் மட்டும் குத்துங்கள். அல்லது பட்டர்னின் மேல் பாரம் வைத்து வெட்டுங்கள்.

7. மெசினைச் சரிசெய்யுங்கள்

மிஞ்சிய துண்டில் சோதிக்காமல் கவுனைத் தொடவேண்டாம். சிக்சாக் (வளைந்து வளைந்து போகும் தையல்) அகலம் 0.5 முதல் 1, நீளம் 2.5 என்று வைத்து, இரண்டு அடுக்குத் துணியில் ஒரு சாண் நீளம் தைத்து, தையலோடு சேர்த்து இழுத்துப் பாருங்கள். நூல் அறுந்தால் அகலத்தைக் கூட்டுங்கள். தையல் தாண்டினால் ஊசியை மாற்றுங்கள். மெசினைத் திருத்தக் கொடுக்க ஓடவேண்டாம். தையல் அலை அலையாக நெளிந்தால் துணியைப் பிடிக்கும் மெசின் பாதத்தின் அழுத்தம் அதிகம். அதைக் குறைக்கும் திருகு உங்கள் மெசினில் இருந்தால் தளர்த்துங்கள். எதுவும் சரிவராவிட்டால் துணிக்கு அடியில் மெல்லிய ரிசூ தாள் வைத்துத் தைத்து, பிறகு கிழித்தெடுக்கலாம்.

வீட்டில் இருப்பது அம்மம்மாவின் கறுப்புச் சிங்கர், நேர்த்தையல் மட்டும் போடும் என்றால், பொன்டேயைத் தெரிவு செய்து, தைக்கும்போது முன்னும் பின்னும் துணியை மிக லேசாக இறுக்கிப் பிடித்துத் தையுங்கள். நேரான அமைப்புள்ள கவுனுக்கு அது போதுமானது. இரட்டை ஊசி மட்டும் அதில் போடக்கூடாது. ஊசி இறங்கும் தட்டில் ஒரே சிறு துளைதான் இருக்கும்.

8. தைக்கும் ஒழுங்கு

தோள் முதலில். பின்துண்டின் தோள் ஓரத்தில் பருத்தி நாடாவை வைத்து அதையும் சேர்த்துத் தையுங்கள். கவுனின் முழுப் பாரமும் தொங்குவது அந்த இரண்டு தையல்களில். நாடா இல்லாவிட்டால் நாளடைவில் தோள் நீண்டு கை கீழே இறங்கும்.

அடுத்தது கழுத்துப் பட்டி. எல்லோர் கண்ணும் முதலில் விழும் இடம் இது, ஆகவே அவசரப்படாதீர்கள். பட்டர்ன் தந்த நீளத்தை அப்படியே நம்பாமல், உங்கள் துணிக்கு நீங்களே கணக்குப் போடுங்கள். வெட்டிய ஓரத்தை அல்ல, தையல் விழப்போகும் கோட்டை அளவு நாடாவை நிமிர்த்திப் பிடித்து அளக்கவேண்டும். அது 60 செ.மீ. என்றால், நன்றாக இழுபடும் ஜேர்சிக்கு 85 வீதம், அதாவது 51 செ.மீ.; இரு முனைத் தையலுக்கு 2 செ.மீ. சேர்த்து 53. பொன்டேக்கு 90 வீதம் எடுத்தால் 54, சேர்த்து 56. அகலம் 5 செ.மீ. வெட்டினால், 1 செ.மீ. ஓரத்தில் தைத்து முடிந்ததும் 1.5 செ.மீ. பட்டி நிற்கும். பட்டியை வளையமாக்கி, நெடுக மடித்து அழுத்தி, பட்டியையும் கழுத்தையும் தனித்தனியே நான்காகப் பிரித்துக் குறியிட்டு, குறியோடு குறி பொருத்திக் குண்டூசி குத்துங்கள். பட்டி மேலே இருக்க, ஒவ்வொரு கால் பகுதியிலும் பட்டியை மட்டும் இழுத்துத் தையுங்கள், கழுத்தை இழுக்கக்கூடாது. தைத்தவுடன் பட்டி எழும்பி நின்றால் உடனே பிரிக்கவேண்டாம்: முதலில் நீராவி காட்டுங்கள், பெரும்பாலும் படிந்துவிடும். நீராவிக்குப் பிறகும் கழுத்தை விட்டு விலகி நின்றால் பட்டி நீளம். பட்டி கழுத்துத் துணியைச் சுருக்கி இழுத்தால் அது கட்டை.

கையைப் பக்கத் தையலுக்கு முன்பே, துணி விரித்த நிலையில் இணைத்துவிடுங்கள். பிறகு கையின் நுனியிலிருந்து அக்குள் வழியாகக் கவுனின் கீழ்விளிம்பு வரை ஒரே ஓட்டமாகத் தைக்கலாம். அதற்கு முன்னர் பக்கத் தையலைக் கையால் நூலோட்டி, கவுனைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். சிக்சாக் தையலைப் பிரிப்பதைவிட நூலோட்டத்தைப் பிரிப்பது எளிது.

ஒவ்வொரு தையலையும் தைத்த உடனேயே அழுத்துங்கள். மின்னழுத்தியை இழுத்துத் தேய்க்காமல் வைத்து எடுங்கள். பொலியெஸ்டர் கலந்த துணிக்கு மேலே ஒரு பருத்தித் துணி போட்டுக் குறைந்த சூட்டில் செய்யவேண்டும், நேரடிச் சூட்டில் பளபளப்புத் தழும்பு விழும். கடையில் வாங்கியதா என்று மற்றவர் கேட்கும் நேர்த்தியில் பாதி இந்த அழுத்தத்தால் வருவது.

9. கீழ்மடிப்பு

கவுனை ஓர் இரவு மாட்டித் தொங்கவிட்டு, மறுநாள் உடலில் போட்டு நீளத்தைக் குறியுங்கள். விஸ்கோஸ் தன் பாரத்திலேயே இறங்கும். தைத்த அன்றே மடித்தால் விளிம்பு ஒழுங்கில்லாமல் போகும். மடிக்கும் பகுதியில் ஒட்டுத் துணிக் கீற்றை அழுத்தி ஒட்டினால் விளிம்பு நெளியாது. இரட்டை ஊசியைப் போட்டு, முதலில் சக்கரத்தைக் கையால் சுழற்றி ஊசி தட்டில் படவில்லை என்று உறுதிசெய்து, நல்ல பக்கத்திலிருந்து தையுங்கள். இரண்டு கோடுகளுக்கும் நடுவில் துணி மேடுபட்டால் மேல் நூலின் இறுக்கத்தைக் குறைக்கவேண்டும். இரட்டை ஊசி கிடைக்காவிட்டால், அகலம் 3, நீளம் 3 சிக்சாக்கைவிடக் கையால் தளர்வாகத் தைத்த மறைதையலே இந்தக் கவுனுக்கு அழகு.

விழா ஒன்றுக்கு அணியவேண்டுமென்றால் மூன்று வாரம் முன்னதாகத் தொடங்குங்கள். தைக்கும் வேலை விடுமுறை நாள் ஒன்றில் முடிந்துவிடும். துணி தேடுவதும், துவைத்துக் காயவைப்பதும், சரியான ஊசிக்காக மீண்டும் ஒருமுறை கடைக்குப் போவதும்தான் நாட்களை எடுக்கும்.

முடித்த கவுனை உட்புறம் வெளியே வரத் திருப்பித் துவைத்து, கொடியில் தோளால் மாட்டாமல் நடுவில் மடித்துப் போட்டுக் காயவையுங்கள். அலுமாரியிலும் மாட்டவேண்டாம், மடித்து வையுங்கள்.